நூலிழை வெற்றிகளும் நடுவர் நாற்காலியும்

புது தில்லி: 1999-ஆம் ஆண்டில் சரியாக இரண்டு மாத இடைவெளியில் இரண்டு போட்டிகள் நூலிழையில் முடிந்தன. ஏப்ரல் 17-ஆம் தேதி மக்களவையில் வாஜ்பாய் அரசு கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானம் 269-க்கு 270 என்ற கணக்கில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. ஜூன் 17-ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தலா 213 ஓட்டங்களுடன் சமநிலையில் நின்றன. கடைசி ஓவரில் நான்கு பந்துகளில் ஓர் ஓட்டம் எடுத்தால் போதும் என்ற நிலையில் இருந்த தென்னாப்பிரிக்கா, ஆலன் டொனால்டு ரன்-அவுட் ஆனதால் இறுதிப் போட்டி வாய்ப்பை இழந்தது.

அந்த ஆட்டத்தை நினைத்து தென்னாப்பிரிக்க ரசிகர்கள் இன்றும் வருந்துகிறார்கள். ஆனால், முடிவு முறையற்றது என்று எவரும் கூறவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் முந்தைய சுற்றுப் பட்டியலில் மேலே இருந்த அணி இறுதிக்குச் செல்லும் என்ற விதி, முதல் பந்து வீசப்படுவதற்கு முன்பே இரு அணிகளுக்கும் தெரியும். மக்களவையின் ஒரு வாக்கைப் பற்றிய விவாதமோ கால் நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. வாக்களித்தவருக்கு அந்த உரிமை இருந்ததா, அவரைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்ற கேள்விகள் எழுந்தது, ஆட்டம் தொடங்கிய பிறகுதான்.

பெரும் வித்தியாசத்தில் கிடைக்கும் வெற்றி, விதிகளில் உள்ள ஓட்டைகளை மறைத்துவிடும். வித்தியாசம் ஒன்றாகவோ சுழியமாகவோ குறையும்போது முடிவு ஆட்டக்காரர்களின் கையைவிட்டு நடுவரின் கைக்குப் போகிறது. அப்போது அந்த நடுவர் யார், அவரை நியமித்தது யார், அவர் எந்த விதியைக் கையில் வைத்திருக்கிறார் என்பதே முதன்மையான கேள்வியாகிவிடுகிறது.

சமநிலை ஏற்பட்டிருந்தால்?

1999 ஏப்ரலில் நடந்தவற்றைத் தமிழக வாசகர்களுக்கு அதிகம் நினைவூட்டத் தேவையில்லை. ஆதரவை விலக்கிக் கொள்வதாக அ.தி.மு.க. பொதுச் செயலர் ஜெயலலிதா கடிதம் கொடுத்ததைத் தொடர்ந்து, பெரும்பான்மையை நிரூபிக்குமாறு குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் பிரதமரைக் கேட்டுக்கொண்டார். வாக்கெடுப்பு நாளன்று பகுஜன் சமாஜ் கட்சி எதிர்த்து வாக்களித்தது. தேசிய மாநாட்டுக் கட்சியின் சைஃபுதீன் சோஸ் தமது கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி எதிர்த்து வாக்களித்தார்.

இவற்றையெல்லாம் விஞ்சி நிலைத்தது கிரிதர் கமாங்கின் வாக்கு. அவர் அந்த ஆண்டு பிப்ரவரி மாதமே ஒரிசா முதல்வராகப் பதவியேற்றுவிட்டார். ஆனால் மாநிலச் சட்டப்பேரவை உறுப்பினராக அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. சட்டமன்ற உறுப்பினராக இல்லாதவர் ஆறு மாதங்கள் வரை முதல்வராக இருக்கலாம் என்று அரசமைப்புச் சட்டம் அனுமதிக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஏதேனும் ஒன்றைத் துறக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்படாமல் முதல்வரானவர் மக்களவை உறுப்பினராகத் தொடர்வதைத் தடுக்க விதி எதுவும் இல்லை. எனவே கோராபுட் தொகுதியின் உறுப்பினராக அவர் தில்லி வந்து வாக்களித்தார்.

அவைத் தலைவர் ஜி.எம்.சி. பாலயோகி அவரைத் தடுக்கவில்லை. அனுமதித்துத் தீர்ப்பும் கூறவில்லை. உறுப்பினரின் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டார். சட்டப்படி அதைவிடக் கூடுதலாக அவர் செய்திருக்க முடியாது என்று வாதிடலாம். ஆனால் கமாங் அன்று வாக்களிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கணக்கு 269-க்கு 269 என்று நின்றிருக்கும். அரசமைப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவுப்படி அவைத் தலைவர் முதலில் வாக்களிக்க மாட்டார். சமநிலை ஏற்படும்போது மட்டும் தீர்மானிக்கும் வாக்கைச் செலுத்துவார். பாலயோகி, வாஜ்பாய் அரசை வெளியிலிருந்து ஆதரித்த தெலுங்கு தேசம் கட்சியைச் சேர்ந்தவர். ஆக, நாட்டின் ஆட்சி ஒரே ஒருவரின் முடிவில் தொங்கியிருக்கும்; அந்த ஒருவரும் ஓர் அணியின் வீரராக இருந்து நடுவரானவர்.

சமநிலையில் அவைத் தலைவர் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று நமது அரசமைப்புச் சட்டம் கூறவில்லை. இருக்கும் நிலையை மாற்றாத வகையில் வாக்களிப்பதும், பெரும்பான்மை இல்லாத ஒன்றைத் தமது வாக்கால் பெரும்பான்மையாக்காமல் இருப்பதும் பிரிட்டிஷ் மரபு. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்றால் இவ்விரண்டும் ஒரே விடையைத் தரும்: தீர்மானம் தோற்கும், அரசு தொடரும். ஆனால் 1999-இல் வந்தது அரசே கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானம். இருக்கும் நிலை தொடர வேண்டும் என்றால் அரசை ஆதரிக்க வேண்டும். பெரும்பான்மை இல்லாததை நிறைவேற்றக் கூடாது என்றால் எதிர்க்க வேண்டும். இரண்டு வாதத்துக்கும் மரபிலேயே இடம் உண்டு. அந்தச் சோதனை அன்று நேராமல் போனது தற்செயலே தவிர, ஏற்பாட்டின் சிறப்பு அல்ல.

பிரிட்டனும் இத்தகைய ஒரு வாக்கைக் கண்டதுண்டு. 1979 மார்ச் 28-ஆம் தேதி ஜேம்ஸ் காலகன் அரசு 310-க்கு 311 என்ற கணக்கில் கவிழ்ந்தது. கடும் நோய்வாய்ப்பட்டிருந்த தொழிற்கட்சி உறுப்பினர் ஆல்பிரட் பிராட்டனை அவைக்குக் கொண்டுவந்திருந்தால் கணக்கு சமமாகியிருக்கும். உயிருக்கே ஆபத்து என்பதால் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்; சில நாள்களில் அவர் இறந்தார். அங்கே சமநிலை ஏற்பட்டிருந்தாலும் அவைத் தலைவரின் வாக்கு எப்பக்கம் விழும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும். பதவியேற்றதும் கட்சித் தொடர்பை முற்றாக அறுத்துக்கொள்வது அங்கே அவைத் தலைவருக்குரிய மரபு.

ஒரு வாக்கின் விலை என்ன என்பதையும் 1999 காட்டியது. சோனியா காந்தியால் மாற்று அரசு அமைக்க இயலவில்லை. ஏப்ரல் 26-ஆம் தேதி மக்களவை கலைக்கப்பட்டது. 1996, 1998 ஆகிய ஆண்டுகளைத் தொடர்ந்து மூன்றாவது பொதுத் தேர்தலை நாடு சந்தித்தது. இடையில் கார்கில் போரை நடத்தியது ஒரு காபந்து அரசு.

ஒன்றிலும் குறைந்த வாக்கு

ஒரு வாக்கிலும் குறைந்த வித்தியாசம் உண்டா என்று கேட்டால், உண்டு. 1970-இல் மன்னர் மானிய ஒழிப்புக்கான அரசமைப்புச் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி வாக்கெடுப்பில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. வாக்களித்தோர் 224 பேரில் மூன்றில் இரு பங்கு என்பது 149.33. ஒரு வாக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் மசோதா தோற்றது.

இங்கே முடிவைப் பற்றி எவரும் நடுவரைக் குறை கூறவில்லை. விதி அப்பட்டமாக எழுதப்பட்டிருந்தது. இந்திரா காந்தி அரசு வேறு வழியைத் தேடியது. குடியரசுத் தலைவரின் உத்தரவு மூலம் மன்னர்களின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் டிசம்பரில் செல்லாது என்றது. அதே மாத இறுதியில் மக்களவை கலைக்கப்பட்டது. 1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்று வந்த பிறகு 26-ஆவது திருத்தத்தின் மூலம் மானியம் ஒழிக்கப்பட்டது. விதி தெளிவாக இருந்ததால் தோற்றவர் மக்களிடம் போனார். விதி தெளிவில்லாத இடங்களில் தோற்றவர் போவது நீதிமன்றத்துக்கு.

சீட்டில் பெயர் வந்தால் தோல்வி

அதற்கு அண்மைக்கால உதாரணம் இமாசலப் பிரதேசம். 2024 பிப்ரவரி 27-ஆம் தேதி அங்கு ஒரேயொரு மாநிலங்களவை இடத்துக்குத் தேர்தல் நடந்தது. 68 பேர் கொண்ட பேரவையில் காங்கிரஸுக்கு 40 உறுப்பினர்கள், பா.ஜ.க.வுக்கு 25, சுயேச்சைகள் மூவர். காங்கிரஸ் உறுப்பினர்கள் ஆறு பேரும் சுயேச்சைகள் மூவரும் பா.ஜ.க. வேட்பாளர் ஹர்ஷ் மகாஜனுக்கு வாக்களித்தனர். அவருக்கும் அபிஷேக் மனு சிங்விக்கும் தலா 34 வாக்குகள்.

சீட்டுக் குலுக்கிப் போடப்பட்டது. எடுத்த சீட்டில் இருந்தது சிங்வியின் பெயர்; வென்றவராக அறிவிக்கப்பட்டவர் மகாஜன். மாநிலங்களவைத் தேர்தலில் சீட்டில் பெயர் வந்தவர் விலக்கப்படுவார் என்று விதிகளுக்குப் பொருள் கொள்ளப்பட்டதே காரணம். மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல்களுக்கான மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு இதற்கு நேர்மாறானது. அங்கே சீட்டில் பெயர் வந்தவருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு கிடைத்ததாகக் கொள்ளப்படும்; அவரே வென்றவர். ஒரே நாட்டில் குலுக்கல் சீட்டு ஒரு தேர்தலில் வெற்றி, மற்றொரு தேர்தலில் தோல்வி. இதை எதிர்த்து சிங்வி உயர் நீதிமன்றத்தை நாடினார்.

அடுத்த நாளே ஆட்டம் பேரவைக்குள் நகர்ந்தது. நிதிநிலை அறிக்கை தோற்றால் சுக்விந்தர் சிங் சுகு அரசு கவிழும் என்ற நிலை. பா.ஜ.க. உறுப்பினர்கள் 15 பேரைப் பேரவைத் தலைவர் இடைநீக்கம் செய்தார். நிதிநிலை அறிக்கை நிறைவேறியது. அதற்கும் அடுத்த நாள், கொறடாவின் உத்தரவை மீறியதற்காகக் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஆறு பேரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். அந்த ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலில் ஆறில் நான்கைக் காங்கிரஸ் கைப்பற்றி, அரசு தப்பியது. கட்சி தாவியவர்களுக்கு வாக்காளர் பாடம் புகட்டினர் என்று ஆளும் கட்சி சொன்னது. அது ஒருபுறம் இருக்கட்டும். நூலிழை ஆட்டத்தில் எதிரணியின் பெரும்பகுதியை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் அதிகாரம், ஆளும் கட்சியால் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவரிடம் இருக்கிறது. இன்று இமாசலத்தில் காங்கிரஸுக்குப் பயன்பட்ட அதிகாரம் வேறு மாநிலங்களில் பா.ஜ.க.வுக்குப் பயன்படும்; பயன்பட்டும் இருக்கிறது.

இரண்டு ஜூலை நாள்கள்

நடுவர் தம் அணிக்கு எதிராகவும் நிற்க முடியும் என்பதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. 1986 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் ஆட்டம் கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் சமநிலையில் முடிந்தது. இந்தியாவின் கடைசி ஆட்டக்காரர் மணீந்தர் சிங்குக்கு எல்.பி.டபிள்யூ. கொடுத்து விரலை உயர்த்திய நடுவர் விக்ரம்ராஜு, இந்தியர். பந்து மட்டையில் பட்டது என்று மணீந்தர் பிற்காலத்திலும் கூறிவந்தார். சரியோ தவறோ, ஓட்டங்கள் சமமாக நிற்கும்போது சொந்த நாட்டு அணிக்கு எதிராக எடுத்த முடிவு அது. அதற்குப் பிறகு விக்ரம்ராஜு டெஸ்ட் ஆட்டம் எதிலும் நடுவராக நிற்கவில்லை.

நாடாளுமன்றத்தில் அந்த இடத்தில் நின்றவர் சோம்நாத் சாட்டர்ஜி. 2008-இல் அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக் கொண்டபோது, குடியரசுத் தலைவரிடம் மார்க்சிஸ்ட் கட்சி அளித்த உறுப்பினர் பட்டியலில் அவைத் தலைவரான அவருடைய பெயரும் இருந்தது. அவர் பதவி விலக மறுத்தார். ஜூலை 22-ஆம் தேதி வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு, பா.ஜ.க. உறுப்பினர்கள் மூவர் அவைக்குள்ளேயே பணக்கட்டுகளை எடுத்துக் காட்டினர். சிறையில் இருந்த உறுப்பினர்கள் சிலரும் வாக்களிக்க அழைத்து வரப்பட்டிருந்தனர். மன்மோகன் சிங் அரசு 275-க்கு 256 என்று வென்றது. மறுநாள் ஜூலை 23-ஆம் தேதி, சோம்நாத் சாட்டர்ஜியை மார்க்சிஸ்ட் கட்சி வெளியேற்றியது.

அதே ஜூலை 23-ஆம் தேதி கொழும்பில் இந்தியா-இலங்கை டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. நடுவரின் முடிவை ஆட்டக்காரர் மறுஆய்வுக்கு அனுப்பும் முறை முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட டெஸ்ட் அது. அதற்கு முன்பே, 2002 முதல், டெஸ்ட் ஆட்டங்களில் இரு நடுவர்களும் மூன்றாம் நாட்டவராக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. 2019 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 50 ஓவரிலும் சமம், சூப்பர் ஓவரிலும் சமம் என்று முடிந்தன. பவுண்டரி எண்ணிக்கையில் 26-க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பை தரப்பட்டது. அந்த விதி முன்பே எழுதப்பட்டிருந்தது. ஆனால் நியாயமற்றது என்ற எண்ணம் பரவியதும் அந்த ஆண்டு அக்டோபர் மாதமே அது கைவிடப்பட்டது. பணம் புழங்கும் விளையாட்டு என்று நாம் குறைகூறும் கிரிக்கெட், ஒவ்வொரு நூலிழை ஆட்டத்துக்குப் பிறகும் தன் விதிப் புத்தகத்தைத் திருத்திக் கொண்டது. நாடாளுமன்றம் 1999-க்குப் பிறகும் 2008-க்குப் பிறகும் நடுவர் நாற்காலியைத் தொடவே இல்லை.

எண்ணும் மேசையில்

அவைக்கு வெளியே, வாக்கு எண்ணும் மேசையில் கதை இன்னும் கடினமானது. 2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்குத் தொகுதியில் மின்னணு இயந்திர வாக்குகளில் அமோல் கீர்த்திகர் ஒரே ஒரு வாக்கு முன்னணியில் இருந்தார். அஞ்சல் வாக்குகளைச் சேர்த்தபோது ரவீந்திர வாய்கர் 48 வாக்குகளில் வென்றார். அத்தொகுதியில் 'நோட்டா'வுக்கு விழுந்தவை 15 ஆயிரத்துக்கும் அதிகம். 2008 ராஜஸ்தான் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி 62,215 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்ற பா.ஜ.க. வேட்பாளர் 62,216. முதல்வர் பதவிக்குப் பேசப்பட்ட ஒருவரின் வாய்ப்பு ஒரு வாக்கில் போனது.

மறுஎண்ணிக்கை கோருவது நமது சட்டத்தில் வேட்பாளரின் உரிமை அல்ல. கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலரின் விருப்பம். மறுத்தால் தேர்தல் வழக்குதான். 2016-இல் தமிழகத்தின் ராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரை 49 வாக்குகளில் தி.மு.க. வேட்பாளர் அப்பாவுவை வென்றதாக அறிவிக்கப்பட்டது. அஞ்சல் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ண வேண்டும் என்று 2019-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணினார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் பேரவையின் ஆயுளே முடிந்துவிட்டது. ஐந்தாண்டுப் பதவிக்கான வழக்கு ஐந்தாண்டுகளில் தீரவில்லை.

முடியாததல்ல என்பதற்கு 2024 சண்டீகர் மேயர் தேர்தல் சான்று. மொத்தம் 36 வாக்குகள். ஆம் ஆத்மி-காங்கிரஸ் கூட்டணியின் 20 வாக்குகளில் எட்டைத் தேர்தல் அலுவலர் செல்லாதவை என்று அறிவித்ததால், 16 வாக்கு பெற்ற பா.ஜ.க. வேட்பாளர் 'வென்றார்'. அந்த அலுவலர் வாக்குச் சீட்டுகளில் குறியிடுவது கேமராவில் பதிவாகியிருந்தது. ஜனவரி 30-ஆம் தேதி நடந்த தேர்தலின் முடிவை பிப்ரவரி 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் திருத்தி, குல்தீப் குமாரே மேயர் என்று அறிவித்தது. எடுத்துக் கொண்ட காலம் மூன்று வாரம். கேமரா இருந்தது, சீட்டுகள் பத்திரமாக இருந்தன, நீதிமன்றம் உடனே கேட்டது. மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் முடிவு வேறாகியிருக்கும்.

தோற்றவர்களே நடுவர்களாக

நாத்துவாராவில் ஒரு வாக்கில் தோற்ற சி.பி. ஜோஷி 2019-இல் ராஜஸ்தான் பேரவைத் தலைவரானார். 2020 ஜூலையில் சச்சின் பைலட் உள்ளிட்ட 19 காங்கிரஸ் உறுப்பினர்களுக்குத் தகுதிநீக்க நோட்டீஸ் அனுப்பி, அசோக் கெலாட் அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவர் அவரே. ராதாபுரத்தில் 49 வாக்குகளில் தோற்ற அப்பாவு 2021-இல் அதே தொகுதியில் வென்று தமிழகப் பேரவைத் தலைவரானார். நூலிழைத் தோல்வியின் வலியை இவர்களைவிட நன்கு அறிந்தவர் இருக்க முடியாது. அப்படிப்பட்டவர்களும் கட்சிச் சின்னத்தில் வென்று, அடுத்த தேர்தலில் அதே கட்சியிடம் வாய்ப்புக் கேட்க வேண்டியவர்களாகவே நாற்காலியில் அமர்கிறார்கள். குறை மனிதர்களிடம் அல்ல, ஏற்பாட்டில் இருக்கிறது.

தீர்வுகள் புதியவை அல்ல. தகுதிநீக்க வழக்குகளைப் பேரவைத் தலைவரிடமிருந்து எடுத்து நிலையான தீர்ப்பாயத்திடம் ஒப்படைப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று மணிப்பூர் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. தெலங்கானா வழக்கில் 2025 ஜூலை 31-ஆம் தேதி மூன்று மாதக் கெடு விதித்தபோதும், இப்போதுள்ள முறையை நாடாளுமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்று மீண்டும் சொன்னது. அவைத் தலைவருக்கு மாற்றாகத் துணைத் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் கூறியும், 2019 முதல் 2024 வரை 17-ஆவது மக்களவை முழு ஆயுளையும் துணைத் தலைவர் இல்லாமலேயே கழித்தது.

குறைந்தது நான்கு காரியங்களைக் கட்சிப் பகை பாராமல் செய்ய முடியும். குலுக்கல் சீட்டுக்கு எல்லாத் தேர்தல்களிலும் ஒரே பொருள் இருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வித்தியாசம் வந்தால் மறுஎண்ணிக்கை தானாகவே நடக்க வேண்டும். தேர்தல் வழக்கு, பதவிக்காலத்துக்குள் இறுதித் தீர்ப்பைக் காண வேண்டும். தகுதிநீக்கத்தைத் தீர்மானிப்பவர் எந்த அணியையும் சேராதவராக இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் இன்றைய ஆளும் கட்சிக்கோ எதிர்க்கட்சிக்கோ தனிச் சலுகை தருவதல்ல. அதனால்தானோ என்னவோ, இரு தரப்புக்கும் அவசரமில்லை.

2014 முதல் பத்தாண்டுகள் மக்களவையில் தனிப்பெரும்பான்மை இருந்ததால் இக்கேள்விகள் தில்லியில் மறக்கப்பட்டன. 2024 தேர்தல் மீண்டும் கூட்டணி அரசைக் கொண்டுவந்தது. நூலிழை வாக்கெடுப்பு ஒன்று என்றாவது மறுபடியும் வரும். அன்று விதியைத் தேடினால் கிடைப்பது விதியாக இராது. யாருக்கு வசதியோ அவருடைய விளக்கமாகவே இருக்கும். ஆட்டத்துக்கான விதியை எழுத வேண்டிய காலம், எந்தப் பக்கம் வெற்றி என்று எவருக்கும் தெரியாத இந்தக் காலம்தான்.